மாற்று ஈரல் வைத்தவருக்கு ஏன் வருஷா வருஷம் சோதனை?



சென்ற மாதம் ஒரு சகோதரி வந்து கேட்டார்: "டிரெஸ்ஸர் ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு ஈரலையே மாத்தியாச்சு. நல்லாத்தான் இருக்காரு. இன்னும் எதுக்குப் புற்றுநோய் சோதனைன்னு பினாங்குக்கு வரச் சொல்றாங்க? ஒரு நாள் கூலி போகுதே!"

நியாயமான கேள்விதான்.

மனிதருக்கு ஈரல் மாற்றும் அறுவையை முதன்முதலில் 1963-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் செய்தார். நம் நாட்டில் 1995-ல் சுபாங் ஜெயாவிலும், 2002-ல் அரசாங்கத்தின் சிலாயாங் ஆஸ்பத்திரியிலும் ஆரம்பித்தார்கள்.

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி தோட்டத்து ஜாகா மாதிரி. அந்நியர் யார் வந்தாலும் விரட்டும். புது ஈரலும் அதற்கு அந்நியரே. ஆகவே ஜாகாவைக் கொஞ்சம் அடக்கி வைக்க ஆயுள் முழுதும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் உடம்புக்குள் கெட்டுப்போகும் அணுக்களைப் பிடிப்பதும் அதே ஜாகாதான். அவன் அசந்தால் புற்றுநோய் நுழையும். மற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு.

சோதனையால் பலன் உண்டா? ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகர வைத்தியர்கள் 2009-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வருஷந்தோறும் தீவிரமாகச் சோதித்த பிறகு, நோய் ஆரம்ப நிலையிலேயே அதிகம் பிடிபட்டது. தோல் புற்று நீங்கலாக மற்றப் புற்று கண்டவர்களில் பாதிப்பேர் முன்பு 1.2 வருஷமே தாண்டினார்கள். பிறகு அது 3.3 வருஷமாக உயர்ந்தது.

கவனிக்க வேண்டியவை:

1. தோல்: புது மரு, ஆறாத புண், நிறம் மாறும் மச்சம். வெளிக்காட்டு வேலைக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அவசியம்.

2. வாய், தொண்டை: வெற்றிலையோடு புகையிலை, சிகரெட், சம்சு பழகியவர்களுக்கு ஆபத்து அதிகம். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைக் காட்டுங்கள். பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

3. பெண்கள்: மார்பையும் கர்ப்பப்பை வாயையும் சோதித்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

4. குடல்: மலத்தில் ரத்தம் வந்தால் "மூலம்தானே" என்று விடாதீர்கள். குடல் சோதனைக்கு வைத்தியர் குறித்த தேதியில் போங்கள்.

5. ஈரல்: ஈரல் புற்றுக்காகவே அறுவை செய்தவர்களுக்கு ஸ்கேனும் ரத்தச் சோதனையும் தவறக்கூடாது. அது திரும்பி வரலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. "மாத்திரையால்தானே புற்று வருது" என்று நீங்களாகவே மாத்திரையை நிறுத்தாதீர்கள்! புது ஈரலே கெட்டுப்போகும், உயிருக்கும் ஆபத்து. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியர் வேலை.

கூலியைப் பற்றி: 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்தில் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. வைத்தியரிடம் எம்.சி. கேளுங்கள். தகராறு வந்தால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

அந்தச் சகோதரியிடமும் இதைத்தான் சொன்னேன். ஒரு நாள் கூலியை அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். உயிரைச் சம்பாதிக்க முடியாது.