பழைய சிறு டிராக்டர் வாங்குமுன்

நம்மில் பலருக்கு ஊரில் இரண்டு, மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. மும்பையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றபின், அதில் பயிர் செய்து பார்க்கலாம் என்ற ஆசையும் இருக்கிறது. புது டிராக்டர் விலை கட்டுப்படியாகாது. எனவே பழையதைத் தேடுகிறோம். வைப்பு நிதிப் பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்வோம்.

முதலில் நிலத்தை அளந்து பாருங்கள். சிறு டிராக்டர்கள் பெரும்பாலும் 15 முதல் 25 குதிரைத் திறன் கொண்டவை. அகலம் சுமார் மூன்று, மூன்றரை அடி. ஆறடி இடைவெளியுள்ள வாழைத் தோட்டத்திலும் நுழையும். ஆனால் இறுகிய கரிசலை ஆழ உழ 15 குதிரைத் திறன் திணறும்.

வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். இன்ஜினைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? குளிர்ந்த இன்ஜின் கிளம்பச் சிரமப்படுவதை மறைக்க ஏற்கெனவே ஓட்டியிருக்கலாம். ரேடியேட்டர் மூடியையும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலோ, இன்ஜின் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ வாங்க வேண்டாம்.

பிறகு ஓட்டச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். கரும்புகை ஓயாமல் வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது டீசல் பம்பில் கோளாறு இருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும், செலவு பெரிது.

அடுத்தது ஹைட்ராலிக். கலப்பையை மாட்டி உயர்த்தி, இன்ஜினை நிறுத்துங்கள். சிறிது நேரத்திலேயே கீழே இறங்கிவிட்டால் உள்ளே கசிவு இருக்கிறது. ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டையும் ஓடவிட்டு, சத்தத்தைக் கவனியுங்கள்.

மணிக் கணக்கு காட்டும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். மீட்டர் குறைவாகக் காட்ட, கிளட்ச் மிதியும் இணைப்புத் துளைகளும் தேய்ந்திருந்தால் கணக்கு சரியில்லை. நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்ட வண்டி என்றால், மருந்து தெளித்ததால் எங்கெங்கே துரு ஏறியிருக்கிறது என்று பாருங்கள்.

இனி காகிதங்கள். பதிவுச் சான்றிலுள்ள இன்ஜின், சேசிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். அதில் கடன் குறிப்பு இருந்தால், கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதானால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று. பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பின்பு புதுப்பிக்க வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 2016-இல் என் மைத்துனர், பளபளக்கும் புது வர்ணத்தைப் பார்த்து ஒரு வண்டி வாங்கினார். பழைய உரிமையாளரின் கடன் பாக்கி இருந்தது அவருக்குத் தெரியாது. நாற்றங்காலில் நாற்று முற்றிக் கொண்டிருந்த நேரத்தில், கடன் கொடுத்தவர்கள் வந்து வயலிலிருந்தே வண்டியை ஓட்டிப் போய்விட்டார்கள். பணமும் போயிற்று, அந்தப் போகமும் போயிற்று. பதிவுச் சான்றின் பின்பக்கத்தைப் புரட்டியிருந்தால் தப்பித்திருப்பார்.

கடைசியாக ஒன்று. ஊருக்குப் பக்கத்து டவுனில் உதிரி பாகமும் மெக்கானிக்கும் கிடைக்கும் வண்டியையே வாங்குங்கள். வருடத்தில் சில நாள்தான் வேலை என்றால் வாடகையே மேல். தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையும் மணிக் கணக்கில் டிராக்டர் வாடகைக்குத் தருகிறது. இரண்டு கணக்கையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.