வயல்வழிப் பாத்தியதை

நன்செய் நிலங்கள் பலவற்றிற்கு ரஸ்தாவிலிருந்து நேரான பாதை கிடையாது. அறுவடை முடிந்ததும் அரிதாளின் மேலே, அயலார் வயல்களினூடே வண்டிகள் போய்வருவது வழக்கம். இவ்வழக்கம் எதுவரையில் தயவு, எப்பொழுது பாத்தியதை என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

1882-ம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்டு சட்டப்படி, ஒருவர் பிறர் நிலத்தின் வழியே 20 வருஷம் பகிரங்கமாகவும், சமாதானமாகவும், தடையின்றியும், தமக்கு உரியதென்ற முறையிலும் போய்வந்திருப்பாராயின் அவ்வழி அவருக்குப் பாத்தியதையாகும். சர்க்கார் நிலமாயின் 30 வருஷம். அந்த அனுபவம் வழக்குத் தொடுப்பதற்கு முந்திய இரண்டு வருஷத்திற்குள் வரை நீடித்திருத்தலும் வேண்டும். வழியில் வேலி எழுந்ததை அறிந்தும் ஒரு வருஷம் வாளாவிருப்பவரின் அனுபவம் தடைப்பட்டதாகும்.

இங்குக் கவனிக்கத்தக்கது ‘உரியதென்ற முறையில்’ என்பதே. கேட்டுக்கொண்டு போகிறவர் எத்தனை வருஷம் போயினும் அது அனுமதியேயாகும். ஆதலின் வழிவிடுபவர் அதனை ஒரு சிறு சீட்டில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டுக் கொள்ளுதல் நலம். எழுதினால் சிநேகம் கெடுமென்று அஞ்சுவோருண்டு. எழுதாமையாற் கெட்ட சிநேகங்களும் கிராமத்தில் குறைவல்ல. எனினும் அனுமதி பெற்றவர் அதனை நம்பிச் செலவிட்டுச் சிமெண்டு வாய்க்கால் போன்ற நிலையான வேலையைச் செய்துவிட்டால், பொதுவாக அவ்வனுமதியை ரத்துசெய்ய இயலாது. வாய்மொழியாக இடங்கொடுப்போர் இதனை மறத்தலாகாது.

பாகப்பிரிவினையில் வழியை மறப்போர் பலர். ஆறு ஏக்கர் நன்செய்யைச் சகோதரர் இருவர் பங்கிடுவதாகக் கொள்வோம். தமையனுக்கு ரஸ்தாவோரம், தம்பிக்கு உட்புறம். பத்திரத்தில் நான்கெல்லையும் எழுதுவர், வழியை எழுதார். தம்பியின் பங்கிற்கு வேறு வழியே இல்லையாயின் தமையன் பங்கின் மீது செல்லச் சட்டம் இடந்தரும். ஆனால் எவ்வரப்போரம் என்று குறிப்பிடும் உரிமை தமையனுடையது. அது நியாயமான வசதியுடையதாயிருந்தாற் போதும். தம்பி பின்னர் அடுத்த துண்டை வாங்கி, அதன் வழியே ரஸ்தாவை அடையக் கூடுமாயின் இப்பாத்தியதை முடிந்துபோம்.

ஆகவே சர்வே எண், வரப்பு, அகலம், செல்லும் வாகனங்கள் ஆகியவற்றைப் பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். அகலத்தை அலட்சியம் செய்யற்க. ஒருவகை வழியுரிமை மற்றொருவகையை உள்ளடக்காது. நடைபாதை உரிமை வண்டிக்கு உதவாது. மாட்டுவண்டி நாளில் விட்ட பாதையில் அறுவடை இயந்திரம் நுழைய இடமின்றி, முற்றிய கதிர் வயலிலேயே உதிர்வதுமுண்டு. பாதை கரைந்தால் மண்ணிட்டுச் செப்பனிடும் செலவு, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, வழியை அனுபவிப்பவரையே சாரும்.