வம்சாவளியை இணையத்தில் பகிரும் முன்

கொள்ளுத்தாத்தா பிறந்த ஆண்டு, கல்யாணமான ஊர் போன்ற தகவல்கள் யாருக்கும் தனிச்சொத்து அல்ல, எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றைக் கோத்து நீங்கள் எழுதிய குடும்ப வரலாறு உங்களுடையது. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிட்டாலும் அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும்.

பக்கந்தோறும் பெயரும் ஆண்டும் இடுங்கள். எது பழைய பத்திரத்தில் கிடைத்தது, எது பெரியத்தை வாய்மொழியாகச் சொன்னது என்பதையும் குறியுங்கள். யாராவது உங்கள் பெயரை நீக்கி நகலெடுக்கும்போது இந்த ஆதாரமும் சேர்ந்தே தொலைகிறது. பிறகு தவறான உறவுமுறையைத் திருத்த வழியே இருக்காது. எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தின் பொதுக் குடும்ப மரத்தை மற்றவர்களும் திருத்த முடியும். மூலப்பிரதி உங்களிடம் இருக்கட்டும். பிறர் தேடியதை எடுத்தால், கேட்டு, அவர் பெயரோடு போடுங்கள்.