தோல்வி வந்தால் முன்னே நிற்பவர் யார்?

தொழில்நுட்பத் துறையில் பத்துப் பேரையோ நூறு பேரையோ மேற்பார்வையிடும் அன்பர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. செங்கடல் கரையில் உள்ள யான்புவின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளிலும் ஷிப்ட் பொறுப்பு வகிப்போரும் அவர்களில் அடங்குவர். அவர்களுக்கும், நாளை அந்த இடத்துக்கு வரவிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் உதவும் பாடம் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவில் கிடைத்தது.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் முதன்முதலாக ஏவப்பட்டது. திட்ட இயக்குநர், ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். இஸ்ரோ தலைவர், பேராசிரியர் சதீஷ் தவான். புறப்படச் சில நிமிடங்களே இருக்கையில் கம்ப்யூட்டர் தடை சொன்னது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு தெரிந்தது. பாதகமில்லை என்று நிபுணர்கள் கூறவே, கலாம் அனுமதி அளித்தார். முதல் அடுக்கு செவ்வனே இயங்கியது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு இழந்த ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

அன்று செய்தியாளர்களை எதிர்கொண்டவர் தவான். பொறுப்பைத் தாமே ஏற்று, தம் குழு விரைவில் வெல்லும் என்றார். 1980 ஜூலை 18 அன்று அதே திட்டம் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார்.

இது நாம் பலமுறை கேட்ட செய்திதான். ஆயினும் இவ்விரு நாட்களுக்கும் இடையே நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஒரு வால்வு சரிவர மூடாததால் அமிலம் வடிந்துபோனது என்று ஆய்வில் தெரிந்தது. கசிவை அற்பமாகக் கருதியது தம் பொறுப்பே என்று கலாம் கூட்டத்தில் எழுந்து சொன்னார். தலைவர் பழியைத் தாம் தாங்கும் இடத்தில்தான் கீழே உள்ளவர் இப்படி உண்மை பேச முடியும்.

யான்பு ஆலையிலும் ஆபத்து ஒரு வால்விலிருந்தே தொடங்கலாம். அதை முதலில் காண்பவர் மேலாளர் அல்லர். இரவு ஷிப்டில் நிற்கும் ஆபரேட்டர். சொன்னால் பழி வரும், வேலை போனால் இக்காமாவும் போகும், ஊரில் கடன் இருக்கிறது என்று அவர் அஞ்சினால், லாக் புத்தகத்தில் 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒரு சொல்லால் அடுத்த ஷிப்டில் வருவோரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

நடைமுறையில் செய்யத்தக்கவை:

1. கெட்ட செய்தி கொண்டுவருபவருக்கு முதலில் நன்றி கூறுங்கள். "யார் செய்தது?" என்பதற்கு முன் "என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

2. ஷிப்ட் மாறும்போது, எழுதியதைப் படிப்பதோடு நில்லாமல் நேரில் பேசச் செய்யுங்கள். மொழி புரியாதவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

3. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்தும் உரிமை கடைசி ஊழியருக்கும் இருக்கட்டும். நிறுத்தியது வீண் என்று பின்னர் தெரிந்தாலும் கடிந்துகொள்ளாதீர்கள்.

4. மேலிடத்துக்கு எழுதும்போது தவறை உங்கள் பொறுப்பாகவும், வெற்றியைச் செய்தவர் பெயரிலும் எழுதுங்கள்.

பழியைத் தாங்குவது வேறு, குற்றத்தை மறைப்பது வேறு. வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறுபவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். அறியாமல் தவறியவரைத் தனியே அழைத்துத் திருத்த வேண்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க: மதிப்பெண் குறைந்ததை நம் பிள்ளை அச்சமின்றி நம்மிடம் சொல்கிறானா? சென்ற மாதம் நம் குழுவில் யாராவது நம் கருத்தை மறுத்துப் பேசினார்களா?