தேர்வும் மறுதேர்வும் கற்றலுக்குத் துணையாவது எப்போது?

முன்னுரை

தேர்வு என்றவுடன் மாணவர் உள்ளத்தில் முந்தி எழுவது அச்சமே. கற்றதை அளக்கும் கோலாக மட்டும் நாம் அதனைக் கருதி வந்ததே இதற்குக் காரணம். முறையாக அமையுமாயின் தேர்வு கற்கும் வழியும் ஆகும். தேர்வுகள் எத்தனை முறை நிகழ வேண்டும், தவறியோர்க்கு மறுவாய்ப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்னும் இரு வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

நினைவும் தேர்வும்

ஜெர்மானிய உளவியலறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவற்றுள் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோவதை 1885இல் வெளியிட்ட நூலில் காட்டினார். இம்மறதிக்கு மருந்து யாது? 2006இல் அமெரிக்க அறிஞர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். ஓர் உரைப்பகுதியை இருமுறை படிக்கச் செய்தனர். மற்றொன்றை ஒருமுறை படித்தபின் பாராமல் எழுதச் செய்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்ததே நன்கு நினைவிலிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, இருமுறை படித்ததில் 42 விழுக்காடும், எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடும் எஞ்சின. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை நாள்தோறும் பாடம் ஒப்புவிக்கச் செய்ததும் இவ்வகைப் பயிற்சியே.

எண்ணிக்கையா, இடைவெளியா?

அவ்வாறாயின் தேர்வுகளைப் பெருக்கினால் போதுமா? போதாது. நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அகமதிப்பீட்டிற்கு 25, பருவத் தேர்விற்கு 75 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டுள்ளன. அகத்தேர்வுகள் எல்லாப் பாடங்களுக்கும் ஒரே வாரத்தில் அமையும்போது, மாணவர் முதல்நாள் இரவு படிக்கிறார், மறுநாள் எழுதுகிறார், அதன்பின் மறக்கிறார். விடைத்தாளும் காலந்தாழ்ந்தே கைக்கு வருகிறது. இத்தகைய தேர்வு எத்தனை நிகழினும் பயன் சிறிதே. வாரந்தோறும் வகுப்பிலேயே பத்து நிமிடம், ஐந்து வினா, உடனே திருத்தம் என அமைந்தால் அச்சமும் குறையும், நினைவும் நிலைக்கும்.

மறுதேர்வின் இரு முகங்கள்

எல்லா மாணவரும் ஒரே வேகத்தில் கற்பதில்லை. ஆகவே, தேர்வில் குறை கண்டால் அப்பகுதியை வேறு வழியில் மீண்டும் கற்பித்து, அதன்பின் மறுபடியும் சோதிக்க வேண்டும் என்பது 1968இல் பெஞ்சமின் புளூம் முன்வைத்த முழுத்தேர்ச்சிக் கற்றல் கொள்கை. இதில் மறுதேர்வைவிட, அதற்கு முன் நிகழும் மறுகற்பித்தலே முதன்மையானது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

நம்மிடையே ‘அரியர்’ என வழங்கும் நிலுவைப் பாடத்திற்கு இத்துணை கிட்டுவது அரிது. புதிய பருவத்தின் பாடச் சுமையோடு பழைய சுமையும் சேர்கிறது. எங்கே தவறினோம் என்பதை அறியாமலே மாணவர் மீண்டும் கட்டணம் செலுத்தி எழுதுகிறார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைக்கு, ஒரே ஒரு நிலுவைப் பாடம் பட்டத்தையும் வேலையையும் எட்டாக்கனியாக்கிவிடுகிறது. மறுபுறம், ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் சோம்பலுக்கும் எல்லையற்ற மறுவாய்ப்பு இடந்தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்டில், கட்டணம் செலுத்தியிருந்த மாணவர்க்கு நிலுவைத் தேர்விலிருந்து விலக்களிப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் அதனை ஏற்கவில்லை. அவ்வறிவிப்பை மாணவர் பெருமகிழ்வோடு வரவேற்றதிலிருந்தே, நிலுவைப் பாடம் அவர்களை எவ்வளவு அழுத்துகிறது என்பது விளங்கும். எனினும், தேர்வை நீக்குதல் கற்பித்தலுக்கு ஈடாகாது.

முடிவுரை

சிறுதேர்வுகள் இடைவெளிவிட்டு நிகழ்தல் வேண்டும். விடைத்தாள் ஒரு வாரத்துள் திருத்தப்பெற்று மாணவர் கையில் சேர்தல் வேண்டும். மறுதேர்வுக்கு முன் சில வகுப்புகளேனும் நடைபெறுதல் வேண்டும். ஆசிரியர் இதற்கு நேரம் ஒதுக்குவாராக. மாணவர் புத்தகத்தை மூடி, கற்றதை எழுதிப் பார்ப்பாராக. பெரியோர், ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்கும் முன் ‘எது விளங்கவில்லை?’ என்று வினவுவாராக. அந்நாளில் தேர்வு அச்சந்தரும் வாயிலாகத் தோன்றாது. அறிவுக்கு ஏறும் படியாகவே விளங்கும்.