குளிர் காக்குமா?

கொழும்பில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்குத் தோட்டத்துக்கு வருகிறான். எங்கள் குளிரில் டெங்கு பரவாது என்கிறார்களே, அப்படி நுளம்பு ஏதாவது கணக்குக்குக் கட்டுப்படுமா?
— வாசகி, மஸ்கெலியா

கட்டுப்படும், அம்மா. நுளம்பை அடியோடு ஒழிக்கத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் அடங்கும் என்று ரொனால்ட் ரோஸ் என்ற மருத்துவர் மலேரியாவுக்குக் கணக்குப் போட்டே நூறாண்டு தாண்டிவிட்டது. டெங்குக் கணக்கும் அதே வழிதான். அதில் உங்கள் குளிருக்கும் இடமுண்டு: நுளம்புக்குள் வைரஸ் முதிர வெப்பமான ஊரில் ஏறக்குறைய பத்து நாள், குளிரில் இன்னும் இழுக்கும். அதற்குள் பல நுளம்புகள் செத்துவிடும். ஆனால் இது சலுகை, விலக்கு அல்ல. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு. கொழும்பு பஸ்ஸில் வைரஸும் டிக்கெட் இல்லாமல் ஏறும். மகன் தாராளமாக வரட்டும். லயத்துக் கூரைப் பீலியையும் பின்பக்கத்துப் பழைய டயரையும் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் இல்லாமல் வடித்துத் துடையுங்கள். முட்டை நுளம்பாக மாற அதற்குமேல் அவகாசம் கொடுக்க வேண்டாம்.