பெண் பிள்ளைகளைச் சிலம்பத்துக்கு அனுப்பும் முன்

கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பெண் பிள்ளைகளின் சிலம்பப் பயிற்சி பாதியில் நின்றுபோகப் பல வேளைகளில் தூரமும் இருட்டுமே காரணம். அனுப்பும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை இவை.

1. வகுப்பில் சேர்ப்பதற்கு முன் வீடு திரும்பும் வழியை முடிவு செய்யவும். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே காரில் அனுப்பினால் செலவு குறையும்; செம்பனைக் காட்டுச் சாலையில் பிள்ளை தனியே காத்திருக்க நேராது.

2. முதல் சில வகுப்புகளில் பெற்றோர் ஒருவர் உடனிருக்கவும். நல்ல ஆசான் அதை வரவேற்பார். மூடிய அறையில் தனிப் பயிற்சிக்கு இணங்க வேண்டாம்.

3. கம்பு பிள்ளையின் நெற்றி உயரம் இருந்தால் போதும். நீளம் கூடினால் தரையில் இடிக்கும், மணிக்கட்டு நோகும்.

4. மாதவிடாய் நாள்களில் வருவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடமே விடவும். உடல் ஒத்துழைத்தால் பயிற்சியால் கெடுதல் இல்லை. வீட்டார் தடுப்பதாலும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

5. உரக்கக் கத்தவும் ஓடவும் பழக்கவும். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். அடக்கமாகப் பேசச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு ஆபத்தில் குரல் எழும்புவதில்லை. பயிற்சிக் களத்தில் வாரந்தோறும் கத்திப் பழகியவளுக்கு அந்தத் தயக்கம் குறையும். சண்டையிடுவது தப்பிக்க வழியில்லாதபோது மட்டுமே. தற்காப்புக்குத் தேவையான அளவுக்குமேல் தாக்குவதை மலேசியத் தண்டனைச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

6. காவல் உதவிக்கு 999, துன்புறுத்தல் புகார்களை ஏற்கும் தாலியான் காசே (Talian Kasih) உதவிக்கு 15999. இரண்டையும் மனப்பாடம் செய்ய வைக்கவும். கைப்பேசி பறிபோனாலும் வேறொருவர் பேசியில் அழைக்கலாம்.